முதுகில் கரண்டு வைப்பது: சேலம் பக்கத்து டாக்டர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் வலி கிளினிக் நடத்துகிறேன். படித்தது மயக்கவியல். பதினைந்து வருஷம் மற்றவர்கள் அறுப்பதற்கு ஊசி போட்டுக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் வலிப் பக்கம் வந்தேன். ஆத்தூரிலிருந்தோ ராசிபுரத்திலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வாரத்துக்கு ஒரு இளம் டாக்டராவது போன் செய்வார்: "சார், இந்த ஸ்பைனல் கார்ட் ஸ்டிமுலேட்டர் இருக்கே..." கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒன்றுதான். பிசியோதெரபிஸ்டுகளும் நர்ஸ்களும் கேட்பதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் இந்தக் கருவியைப் பொருத்துகிறவன் இல்லை. ஆள் பார்த்து அனுப்புகிறவன், திரும்பி வந்த பிறகு பார்த்துக்கொள்கிறவன்.

நியூரோமாடுலேஷன் என்றால் என்ன?

நரம்பை வெட்டாமல், பொசுக்காமல், அது அனுப்பும் செய்தியை மாற்றுவது. மின்துடிப்பால் மாற்றலாம். வயிற்றுத் தோலடியில் பம்ப் வைத்து, தண்டுவட நீருக்குள் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டும் மாற்றலாம். என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் கேட்பது தண்டுவட ஸ்டிமுலேட்டரைத்தான்: தண்டுவட உறைக்கு வெளியே உள்ள எபிடூரல் இடத்தில் மெல்லிய வயர், இடுப்புக்குப் பின்னால் தோலடியில் பேட்டரி.

கதவிடுக்கில் விரல் நசுங்கினால் உதறுவோம், அழுத்திப் பிடிப்போம், தேய்ப்போம். தொடுவுணர்வைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை மறிக்கின்றன. ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய வாசல் கொள்கையின் சாரம் இதுதான். இரண்டே வருஷத்தில், 1967-இல், நார்மன் ஷீலி என்ற அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் புற்றுநோய் வலியில் இருந்த ஒருவருக்குத் தண்டுவடத்தின் பின்புறம் மின்முனையைப் பொருத்திவிட்டார். இன்றைக்கென்றால் எத்திக்ஸ் கமிட்டியைத் தாண்டவே இரண்டு வருஷம் ஆகும். யோசனை மட்டும் ரொம்பப் பழசு. முதல் நூற்றாண்டு ரோமாபுரியில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர் தலைவலிக்கு மின்சாரத் திருக்கை மீனை வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருக்கிறார்.

நோயாளிக்கு எப்படிப் புரியவைப்பது?

எங்கள் பக்கத்து நோயாளிகள் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்: 'முதுகுல கரண்டு வெக்கறது'. நான் திருத்துவதில்லை. வீட்டு லைனில் வரும் கரண்டு இல்லை, சின்ன பேட்டரியிலிருந்து ஆம்பியரில் ஆயிரத்தில் சில பங்கு என்று மட்டும் சேர்த்துச் சொல்வேன்.

அதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டியது, வலிக்கான காரணம் உள்ளே அப்படியேதான் இருக்கும், வலி பாதியானாலே ஜெயித்த மாதிரி என்பது. "பத்துக்கு எட்டு இருக்கிற வலி நாலாக ஆனால் என்ன செய்வீங்க?" என்று கேட்பேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர், "ஒரு மணி நேரம் சேர்ந்தாப்ல உக்காந்து கொலுசு பத்த வெப்பேன்" என்றார். அதைச் சீட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். பிறகு வலிக்கு எத்தனை மார்க் என்று கேட்பதைவிட, அந்த ஒரு மணி நேரம் உட்கார முடிந்ததா என்று கேட்பதுதான் எனக்கு உபயோகப்பட்டது.

பொருத்துவது பெரிய நகரத்தில். பிறகு நான் ஏன் இதைப் படிக்க வேண்டும்?

பொருத்துவதற்குச் சில மணி நேரம் போதும். அதோடு அந்த ஆள் குடியிருப்பது பல வருஷம், அதுவும் நம் ஊரில். காயம் சிவந்தால் முதலில் உங்களிடம்தான் வருவார். "ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யலைங்க" என்று உங்களிடம்தான் சொல்வார். வயர் நகர்ந்ததா என்று பார்க்க நேராகவும் பக்கவாட்டிலும் எக்ஸ்ரே எடுத்து, பொருத்திய அன்று எடுத்த படத்தோடு வைத்துப் பார்க்கத் தெரிந்தால், பாதிப் பிரச்சினைக்கு ஊரிலேயே விடை தெரிந்துவிடும். பழைய படம் கையில் இல்லாமல் இது நடக்காது. அதனால் டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் நான் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான்.

யாருக்கு இது பலன் தருகிறது?

முதுகு அறுவை செய்த பிறகும் விடாத கால் வலி, சிஆர்பிஎஸ் என்கிற சிக்கலான பிராந்திய வலி (அடிபட்ட கையிலோ காலிலோ அளவுக்கு மீறி நீடிப்பது), மருந்துக்கு அடங்காத சர்க்கரை நோய் நரம்பு வலி. இந்த மூன்றும்தான் முதன்மையானவை. வெறும் முதுகு வலிக்கு, அதுவும் மூட்டும் தசையும் சேர்ந்து வலிப்பவருக்கு, எதிர்பார்ப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எண்கள் வேண்டுமென்றால்: கிருஷ்ணா குமார் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், முதுகு அறுவைக்குப் பின்னும் கால் வலி தீராத 100 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் கால் வலி பாதிக்குப் பாதி குறைந்தவர்கள் கருவி வைத்த குழுவில் 48 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்த குழுவில் 9 சதவீதம். வித்தியாசம் பெரிது. ஆனால் கருவி வைத்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்தப் பலன் வரவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அனுப்புவதற்கு முன் எதைப் பார்க்காமல் விடக்கூடாது?

இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நான் சறுக்கியது இங்கேதான்.

பாத எரிச்சலோடு வரும் சர்க்கரை நோயாளி பத்து வருஷமாக மெட்ஃபார்மின் எடுத்திருப்பார். மெட்ஃபார்மின் பி12-ஐக் குறைக்கும். பி12 குறைந்தால் இதே எரிச்சல்தான் வரும். சோதித்துப் பாருங்கள். இன்னொரு பக்கம், மாதாமாதம் 'நரம்பு ஊசி' போட்டுக்கொண்டு, கூடவே சத்து மாத்திரையும் விழுங்குகிறவர்கள் நிறைய. அவற்றில் உள்ள பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். அப்புறம் சாராயம். பெண்டாட்டி பக்கத்தில் இருக்கும்போது யாரும் உண்மையான அளவைச் சொல்வதில்லை. அவரைத் தனியாகக் கேளுங்கள், அப்புறம் அந்தம்மாவையும் தனியாகக் கேளுங்கள்.

மருந்தை ஒழுங்காகக் கொடுத்துப் பார்த்தோமா என்பது அடுத்தது. நரம்பு வலி மருந்துகளைப் பற்றி 2015-இல் வந்த பெரிய தொகுப்பாய்வில், ஒருவருக்குப் பாதி வலி குறைய எத்தனை பேருக்குக் கொடுக்க வேண்டும் என்ற கணக்கு அமிட்ரிப்டிலின் வகைக்கு 3.6, ப்ரீகாபலினுக்கு 7.7. ஆனால் எனக்கு வரும் சீட்டுகளில் ப்ரீகாபலின் பத்து இருந்தால் அமிட்ரிப்டிலின் ஒன்று இருக்கும். மலிவான மாத்திரைக்கு ரெப் வருவதில்லை, அவ்வளவுதான். வயசானவர்களுக்கு ஈசிஜி பார்த்து, பத்து மில்லிகிராமில் ராத்திரி ஆரம்பித்துப் பாருங்கள்.

மனநிலையும் பார்க்க வேண்டும். தூக்கம், மனச்சோர்வு, வீட்டுச் சண்டை, வழக்கு, நஷ்டஈடு எதுவும் நிலுவையில் இருந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள். மனநல டாக்டரிடம் அனுப்பினால் "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபப்படுவார்கள். கருவி வைக்கிற எல்லாருக்கும் இது வழக்கம் என்று முன்கூட்டியே சொன்னால் கோபம் வராது. வழக்கமும் அதுதான்.

நீங்கள் சறுக்கியது எங்கே?

சர்க்கரையில். சிஆர்பிஎஸ் நோயாளி, நல்ல தேர்வு, எல்லாம் சரி. எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) ஒன்பதுக்கு மேல் இருந்தது. அவர் பட்ட வலியைப் பார்த்துவிட்டு, அங்கே போய்க் குறைத்துக்கொள்வார்கள் என்று அனுப்பிவிட்டேன். ட்ரையலில் (ஒரு வாரச் சோதனை, பின்னால் சொல்கிறேன்) வலி அழகாகக் குறைந்தது. நிரந்தரக் கருவி வைத்த ஆறாவது வாரம் பேட்டரிப் பையில் சீழ். வயர், பேட்டரி எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. இந்தக் கருவிகளில் கிருமித்தொற்று நூற்றில் மூன்று முதல் ஆறு பேருக்கு வருவதாகத்தான் நூல்கள் சொல்கின்றன. அந்தக் குடும்பத்துக்கு அந்தச் சதவீதத்தால் என்ன ஆறுதல்? பல லட்சம் போச்சு. சர்க்கரை அடங்காமல் இப்போது நான் யாரையும் அனுப்புவதில்லை. பீடி, சிகரெட்டையும் நிறுத்தச் சொல்கிறேன்.

தமிழில் வலி சொல்பவரிடம் நரம்பு வலியை எப்படிப் பிரித்தறிவது?

எனக்குப் பிடித்த கேள்வி. கல்லூரியில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படிக்கிறோம். நோயாளி அந்த மொழியில் வலிப்பதில்லை.

டிஎன்4 என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. பிரான்சில் உருவானது. பத்து அம்சங்கள், நான்கு அல்லது அதற்கு மேல் வந்தால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏழு கேட்டறிவது, மூன்று தொட்டுப் பார்ப்பது. அதன் ஏழு சொற்களுக்கும் நம் பக்கத்தில் பேச்சு இருக்கிறது: 'எரியுது' அல்லது 'காந்துது', 'ஜில்லுனு வலிக்குது', 'கரண்டு அடிச்ச மாதிரி சுர்ருங்குது', 'எறும்பு ஊருது', 'முள்ளு குத்துது', 'மதமதன்னு இருக்கு', 'அரிக்குது'. இவற்றில் நாலு தானாகவே வாயில் வந்தால் பாதி வேலை முடிந்தது. மாறாக 'குடையுது', 'கடுக்குது', 'ஒளையுது', 'புடிச்சுக்குச்சு' என்று மட்டும் சொல்பவருக்கு மூட்டு, தசை, எலும்புப் பக்கம் பாருங்கள்.

ஒரு பொறி உண்டு. 'நரம்பு இழுக்குது' என்றால் அது நரம்பு வலி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் பேச்சில் ரத்தக்குழாயும் நரம்பு, தசைநாணும் நரம்பு, உண்மையான நரம்பும் நரம்பு. கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டாலும் நரம்பு சுண்டுகிறது என்பார்கள். விரலால் காட்டச் சொல்லுங்கள். ஒரே விரலால் புள்ளி காட்டுகிறாரா, உள்ளங்கையால் தடவிக் கால் நெடுகக் காட்டுகிறாரா என்பதிலேயே நிறையத் தெரியும்.

தொட்டால் வலிக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். "ராத்திரி போர்வை பட்டா தாங்குமா?", "சேலைக் கொசுவம் பட்டா?", "ஃபேன் காத்து?" என்று கேளுங்கள். அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் ஒரு பெரியவர், தறிக்குழியில் கால் வைத்தால் மிதிபலகை பட்ட இடம் நெருப்பாகிறது என்றார். பஞ்சால் தடவிப் பார்த்தேன், காலை உதறிவிட்டார். எம்ஆர்ஐயில் வராத தகவல் அது.

ட்ரையல் என்கிறார்களே, அது என்ன?

முதலில் வயரை மட்டும் ஊசி வழியே வைத்து, பேட்டரியை வெளியிலேயே இடுப்பில் கட்டி அனுப்புவார்கள். வழக்கமாக ஐந்து முதல் ஏழு நாள். வலி பாதியாவது குறைந்து, நடை, தூக்கம் எல்லாம் கூடினால்தான் நிரந்தரக் கருவி. அந்த ஒரு வாரம் குளிக்கக்கூடாது, குனியக்கூடாது, கையைத் தலைக்கு மேல் தூக்கக்கூடாது. மடிக்கிற படுக்கையை நிமிர்த்தப் போய் வயரை நகர்த்திக்கொண்ட ஆள் உண்டு. வீட்டுக்கு வந்துபோகும் சொந்தக்காரர்களையும் சமாளிக்க வேண்டும், ஆளாளுக்கு "எப்படி இருக்கு? பரவாயில்லையா?" என்று கேட்டு, அவரும் மரியாதைக்குப் பரவாயில்லை என்று சொல்லி, கடைசியில் எது நிஜம் என்று அவருக்கே தெரியாமல் போகும். அதனால் ஒரு நோட்டில் தினமும் மூன்று வேளை எழுதச் சொல்கிறேன். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளை எழுதும். பிள்ளைகள் கணக்கில் பொய் சொல்வதில்லை.

கடந்த பத்து வருஷத்தில் அப்படி என்ன மாறிவிட்டது?

பழைய கருவி வினாடிக்கு நாற்பது, அறுபது துடிப்பு கொடுக்கும். வலி இருக்கும் இடத்தில் கிறுகிறுவென்று ஒரு உணர்வு வரும். அந்த உணர்வு வலியின் மேல் பாய் விரித்த மாதிரி மூட வேண்டும். 2015-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த 10 கிலோஹெர்ட்ஸ் முறையில் வினாடிக்குப் பத்தாயிரம் துடிப்பு, கிறுகிறுப்பே கிடையாது. வாசல் கொள்கையை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. 2016-இல் கொத்துக் கொத்தாகத் துடிப்பு விடும் பர்ஸ்ட் முறையும், தண்டுவடத்தை விட்டு நரம்பு வேரின் முடிச்சையே குறிவைக்கும் டிஆர்ஜி முறையும் அனுமதி பெற்றன. காலின் ஒரு பகுதியில் மட்டும் சிஆர்பிஎஸ் இருப்பவருக்கு டிஆர்ஜி நல்ல யோசனை. 152 பேரை வைத்து 2017-இல் வெளியான ஆய்வில் மூன்று மாத வெற்றி டிஆர்ஜிக்கு 81.2 சதவீதம், சாதாரண ஸ்டிமுலேட்டருக்கு 55.7. சர்க்கரை நோய் நரம்பு வலிக்கு 10 கிலோஹெர்ட்ஸ் முறை 2021-இல் அனுமதிக்கப்பட்டது. 216 பேர் கலந்துகொண்ட ஆய்வின் பலத்தில் வந்த அனுமதி அது.

எனக்கு ரசனையாகப் படுவது மூடிய வளைய முறை. இதை ஏற்காடு பஸ்ஸை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். தண்டுவடம் நீரில் மிதக்கிறது. இருமினால், குனிந்தால், மல்லாந்தால் அது வயருக்கு அருகே வரும் அல்லது விலகும். பழைய கருவி வைத்துக்கொண்டு மலையேறிய ஒரு நோயாளி, இருபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ் திரும்பத் திரும்ப, சில வளைவில் காலில் சுளீரென்று அடித்தது, சில வளைவில் ஒன்றுமே தெரியவில்லை என்றார். கருவி மாறவே இல்லை, தூரம்தான் மாறியது. மூடிய வளையக் கருவி ஒவ்வொரு துடிப்புக்கும் தண்டுவடம் திருப்பிச் சொல்லும் மின்பதிலை அளந்து, அடுத்த துடிப்பைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. 2020-இல் 'லான்செட் நியூராலஜி' இதழில் வந்த 134 பேர் ஆய்வில், மூன்று மாதத்தில் பாதிக்கு மேல் வலி குறைந்தவர்கள் இந்த முறையில் 82.3 சதவீதம், பதிலை அளக்காத முறையில் 60.3. நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் மறைத்துச் செய்த ஆய்வு என்பதால் அதற்கு மதிப்பு கூடுதல்.

இவ்வளவு நல்ல எண்கள் என்றால், எதிர்ப்பு ஏன்?

மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை கருவி செய்யும் கம்பெனிகளின் பணத்தில் நடந்தவை. பலவற்றில் நோயாளிக்குத் தன் உடம்பில் கருவி ஓடுவது தெரியும். லட்சக்கணக்கில் செலவழித்து, முதுகில் தையல் போட்டு வைத்த ஒன்று வேலை செய்யவில்லை என்று மனசு லேசில் ஒப்பாது.

நார்வேயில் ஒரு குழு இதைச் சோதித்தது. முதுகு அறுவைக்குப் பிறகு கால் வலியோடு இருந்த 50 பேருக்குக் கருவி வைத்து, சில மாதம் பர்ஸ்ட் துடிப்பு, சில மாதம் துடிப்பே இல்லாமல் அணைத்து வைப்பது என்று மாற்றி மாற்றிச் செய்தார்கள். எது எப்போது என்று நோயாளிக்குத் தெரியாது. 2022-இல் 'ஜாமா' இதழில் முடிவு வந்தது: முதுகு வலியால் அன்றாட வேலைகளில் வரும் முடக்கத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அவர்கள் வைத்த அளவுகள் சரியில்லை என்று பொருத்துகிறவர்கள் வாதாடினார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. அடுத்த வருஷமே, மருத்துவ ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, வெறும் முதுகு வலிக்கு இந்தக் கருவியை ஆய்வுக்கு வெளியே பரிந்துரைக்கத் தரவு போதாது என்றது. 2018-இல் பல நாட்டுப் பத்திரிகையாளர்கள் சேர்ந்து எழுதிய தொடரில், 2008 முதல் இந்தக் கருவிகளைப் பற்றி எஃப்டிஏவுக்கு எண்பதாயிரத்துக்கும் மேல் புகார்கள் போயிருப்பது வெளிவந்தது.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டால்: சிஆர்பிஎஸ், அறுவைக்குப் பிந்தைய கால் வலி, சர்க்கரை நரம்பு வலி இவற்றுக்குத் தேர்ந்தெடுத்து அனுப்புவேன். வெறும் முதுகு வலிக்கு அனுப்ப மாட்டேன். நார்வே ஆய்வைப் படிக்காமல் இந்தக் கருவியைச் சிபாரிசு செய்கிறவரிடம் என் சொந்தக்காரரை அனுப்பவே மாட்டேன்.

பிசியோதெரபிஸ்ட் நான். இப்படிப்பட்ட நோயாளி வந்தால் என்ன கவனிக்க வேண்டும்?

டயதெர்மி (மின்காந்த அலையால் உடம்புக்குள் சூடு கொடுப்பது) வைக்காதீர்கள். ஷார்ட்வேவ், மைக்ரோவேவ் எதுவானாலும், உடம்பின் எந்தப் பகுதியானாலும், கருவி அணைந்திருந்தாலும் கூடாது. அந்த அலை வயரில் ஏறி, முனையில் சூடாகி, பக்கத்து நரம்புத் திசுவைச் சுட்டுவிடும். மூளையில் ஸ்டிமுலேட்டர் வைத்திருந்தவர்களுக்கு டயதெர்மி கொடுத்து மரணமே நேர்ந்திருக்கிறது. சேலத்தில் தெருவுக்கு ஒரு பிசியோ கிளினிக், பாதி இடத்தில் ஷார்ட்வேவ் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். தோள்பட்டை வலி என்று வருபவர் முதுகில் கருவி இருப்பதைச் சொல்ல மறந்துவிடுவார். அதனால் மெஷினை ஆன் செய்வதற்கு முன் "உடம்புக்குள்ள ஏதாவது மெஷின் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கரும் சேர்ந்து மாட்டும்.

எம்ஆர்ஐ விஷயம் மாடலைப் பொறுத்தது. சிலவற்றில் நிபந்தனையோடு எடுக்கலாம், சிலவற்றில் தலைக்கு மட்டும், சிலவற்றில் கூடவே கூடாது. கருவியோடு கொடுத்த அடையாள அட்டை இல்லாமல் ஸ்கேன் சென்டருக்குள் விடாதீர்கள். வேறு அறுவைக்குப் போனால் தியேட்டரில் சொல்ல வேண்டும். கருவியை அணைத்துவிட்டு, ரத்தம் நிறுத்தச் சுடும் காட்டரியில் முடிந்தவரை இருமுனை வகை. கிறுகிறுப்பு வரும் வகை என்றால் வண்டி ஓட்டும்போது அணைக்கச் சொல்லுங்கள். கமலாபுரம் ஏர்போர்ட்டில் பாதுகாப்பு வாசலைத் தாண்டும்போது அட்டையைக் காட்டினால் போதும்.

மலையில் குடியிருப்பவருக்கு இது ஒத்துவருமா?

ஒத்துவரும், பேட்டரியை யோசித்து முடிவு செய்தால். சார்ஜ் ஏற்றும் பேட்டரி நீண்ட நாள் வரும், ஆனால் தவறாமல் சார்ஜ் போட வேண்டும். ஏற்காட்டு மலையில் நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் மழைக்காலத்தில் சில்வர் ஓக் மரம் லைனில் விழுந்தால் எப்போது கரண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. காபி பறிக்கும் சீசனில் விடியற்காலையில் கிளம்பி இருட்டித் திரும்புகிறவர், பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து சார்ஜ் ஏற்றுவாரா? அப்படிப்பட்டவருக்குச் சார்ஜ் வேண்டாத பேட்டரியே மேல், சில வருஷத்தில் மாற்ற வேண்டியிருந்தாலும். இதை அனுப்பும் கடிதத்திலேயே எழுதிவிடுகிறேன். பொருத்துகிற டாக்டருக்குக் கொண்டை ஊசி வளைவு தெரியாது.

சில கருவிகளைச் செல்போன் வழியே தொலைவிலிருந்தே திருத்தலாம். டவர் கிடைக்கிற மேட்டில் நின்றுகொண்டு செய்துகொள்கிறார்கள். தையல் பார்க்க மட்டும் கீழே இறங்கியாக வேண்டும்.

உள்ளூரிலேயே என்ன செய்யலாம்?

நிறைய. தோல் மேல் பட்டை ஒட்டி மின்துடிப்பு கொடுக்கும் டென்ஸ் மெஷினும் நியூரோமாடுலேஷன்தான், சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. பேஸ்மேக்கர் உள்ளவருக்கும், கழுத்தின் முன்புறத்திலும், கர்ப்பிணியின் வயிற்றிலும் வேண்டாம். கையில் ரேடியோ ஃபிரீக்வென்சி மெஷின் (ஊசி முனை வழியே நரம்புக்கு மின்அலை கொடுப்பது) இருந்தால் துடிப்பு முறையைப் பழகுங்கள்: 42 டிகிரிக்கு மேல் போகாமல், வழக்கமாக இரண்டு நிமிடம். பொசுக்கும் முறைக்கு வைக்கிற 80 டிகிரியோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. கால் நரம்பு வேரில் 80 வைத்தால் வலியோடு பாதமும் போய்விடும்.

முறையாகப் படிக்க என்ன வழி?

எம்டி, டிஎன்பி முடித்தவர்களுக்குத் தேசியத் தேர்வு வாரியத்தின் வலி மருத்துவ எஃப்என்பி ஃபெலோஷிப் இருக்கிறது, இரண்டு வருஷம். குடும்பம், கடன், கிளினிக் எல்லாம் வந்த பிறகு இரண்டு வருஷம் ஒதுக்குவது எல்லாருக்கும் முடியாது. உலக வலி நிறுவனத்தின் எஃப்ஐபிபி என்ற ஃபெலோஷிப் தேர்வை 2001 முதல் நடத்துகிறார்கள். எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே ஊசி வைக்கும் கையைச் சோதிக்கும் தேர்வு. இந்திய வலி ஆய்வுச் சங்கத்தில் உறுப்பினரானால் கூட்டங்களும் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பெய்ன்' இதழும் எட்டும். ஐந்து வருஷத்துக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளே சொல்கின்றன. அதை ஏசி ஹாலில் மதியச் சாப்பாட்டோடு தீர்த்துக்கொள்ளலாம், அல்லது சடலப் பயிற்சிக்கு ஒதுக்கலாம். நான் இரண்டாவதைச் சொல்வேன்.

கையைப் பழக்கப் பெரிய ஆய்வகமெல்லாம் வேண்டியதில்லை. எபிடூரல் ஊசியின் தடை விலகும் உணர்வுக்கு வாழைப்பழம் போதும் என்று மயக்கவியலில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கொஞ்சம் காய்வெட்டான பழம் வாங்குங்கள். அல்ட்ராசவுண்டில் ஊசி முனையைத் துரத்தப் பன்னீர்க் கட்டி. முடிந்ததும் இரண்டையும் சாப்பிடக்கூடாது, அது மட்டும் நினைவிருக்கட்டும்.

கம்பெனி செலவில் மாநாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நெறிமுறை, பேச்சாளராக இல்லாத டாக்டருக்குப் பயணச் செலவும் தங்குமிடமும் கொடுக்கக்கூடாது என்கிறது. கேள்விக்கு அதுவே பதில். சொந்தக் காசில் போனால் கேள்வி கேட்க வாய் வரும். போகிற இடத்தில் பொருத்துகிறவரிடம் வெற்றிக் கதையைக் கேட்காதீர்கள். எத்தனை கருவியைத் திரும்ப எடுத்தீர்கள் என்று கேளுங்கள். எண்ணைச் சொல்பவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கருவியால் கெடுதல் நேர்ந்தால் யாரிடம் சொல்வது?

இந்தியாவில் 2015 முதல், மருத்துவக் கருவிகளால் வரும் கெடுதலைக் கண்காணிக்கும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய பார்மகோபியா ஆணையம் ஒருங்கிணைக்கிறது. படிவத்தை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், நர்ஸும்கூட. நான் சொன்ன சீழ் கேஸை அனுப்பியிருக்கிறேன்.

செலவு? காப்பீடு?

பல லட்சம். காப்பீட்டைப் பற்றி யாரும் வாயால் சொல்வதை நம்பாதீர்கள், கருவியின் பெயரைப் போட்டு எழுத்தில் முன் அனுமதி வாங்கச் சொல்லுங்கள். நகை, நிலம் விற்பதற்கு முன் ட்ரையல் செலவு தனியா, சேர்த்தா, பலன் இல்லாவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று அவர்களே கேட்கத் தயங்குவார்கள். நீங்கள் கேளுங்கள்.

அனுப்பும் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

ஒரு பக்கம் போதும். வலியின் இடம், நோயாளியின் சொந்த வார்த்தையில் இரண்டு வரி, டிஎன்4 எண், இதுவரை கொடுத்த மருந்துகள், எந்த அளவில், எத்தனை வாரம், ஏன் நிறுத்தினோம். பழைய அறுவைக் குறிப்பு. எச்பிஏ1சி, பி12, ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை எடுக்கிறாரா. மனநல டாக்டரின் குறிப்பு. வீட்டில் கரண்டு நிலைமை, டவர் நிலைமை. வலி பாதியானால் அவர் செய்ய நினைக்கும் ஒரே ஒரு வேலை. கடைசியில், கூட வந்து ஒரு வாரம் தங்கப்போகிறவர் யார், அவருக்கு என்ன உறவு, அவருடைய போன் நம்பர். பல நேரம் அது மருமகளின் நம்பராக இருக்கும். அந்தப் பெண்ணிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேசிவிட்டுத்தான் கடிதத்தை ஒட்டுகிறேன்.